அந்த அரை மணி நேரத்தை மட்டும் வெட்டி எடுக்காதீர்கள்: சங்கத் திரைப்படக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

திரைப்படக் குழுத் தலைவர் அண்ணனுக்கும், செயலாளர் அக்காவுக்கும், குழுவில் இருக்கும் தம்பி தங்கைகளுக்கும் வணக்கம்.

அடுத்த திரை மாலைக்கு 'ரிஃபிஃபி' என்ற பழைய பிரெஞ்சுப் படத்தை எடுத்திருக்கிறீர்கள் என்று கேள்விப்பட்டுச் சந்தோஷப்பட்டேன். அப்புறம்தான் வாட்ஸ்அப்பில் அறிவிப்பு வந்தது. முழுப் படம் இல்லையாம். நகைக்கடையைக் கொள்ளையடிக்கும் அந்த அரை மணி நேரம் மட்டும்தானாம். பிறகு தேநீர், வடை, ஒரு சின்னப் பேச்சு, எல்லாரும் வீட்டுக்கு. இந்த முடிவை மாற்றுங்கள் என்று கேட்கத்தான் எழுதுகிறேன். தலைவருக்குத் தனியாகப் போன் போட்டுச் சொல்லியிருக்கலாம். ஆனால் இதில் கருத்துச் சொல்ல எல்லா உறுப்பினர்களுக்கும் உரிமை இருக்கிறது, அதனால் எல்லாரும் படிக்கும்படி எழுதிவிட்டேன்.

நீங்கள் சொல்லும் காரணங்கள் எனக்குப் புரியாமல் இல்லை. படம் பிரெஞ்சு மொழி. கீழே ஓடும் ஆங்கில எழுத்தை அந்த வேகத்தில் படிக்க நம் பெரியவர்களால் முடியாது. தமிழில் எழுத்துப் போட்டால் இந்தத் தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வர்த்திலும் ஃபீனிக்ஸிலும் வளர்ந்த பிள்ளைகளில் பலருக்குப் படிக்க வராது. கொள்ளைக் காட்சியிலோ யாரும் ஒரு வார்த்தை பேசுவதில்லை. பாட்டிக்கும் பேரனுக்கும் ஒரே சமயத்தில் புரியும் படம் நம் ஊரில் எங்கே கிடைக்கும்? கெட்டிக்காரத்தனமான யோசனைதான். பெண் ஒருத்தியைப் பெல்ட்டால் அடிக்கும் காட்சியும் இரவு விடுதிக் காட்சிகளும் சிறுவர்கள் முன்னால் வேண்டாம் என்பது இன்னொரு காரணம். மூன்றாவது ஒன்று அறிவிப்பில் இல்லை, கூட்டத்தில் பேசப்பட்டதாம். நெடுஞ்சாலையில் பண வண்டிகளை மறித்து வெடிவைத்துப் பிளக்கும் நாட்டில் கொள்ளைப் படம் எதற்கு என்று ஒரு மூத்த உறுப்பினர் எழுந்து கேட்டிருக்கிறார். படமே வேண்டாம் என்றவருக்கும் முழுசாகப் போடலாம் என்றவர்களுக்கும் நடுவில் சமரசமாக வந்ததுதான் இந்த அரை மணி நேரம்.

என் கஷ்டமே இந்தச் சமரசம்தான். ஒழுக்கத்துக்குப் பயந்து படத்தை வெட்டப் போய், கொள்ளை ஜெயிக்கிற பகுதியை மட்டும் வைத்துக்கொண்டு, அதற்குக் கொடுத்த விலையை எல்லாம் தூக்கிப் போட்டுவிட்டீர்கள்.

என்னைத் தெரியாத இளையவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் கிரே ஸ்ட்ரீட்டில் ஒரு நகைப் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். இப்போது அது டாக்டர் யூசுஃப் டாடூ ஸ்ட்ரீட். எங்கள் வாயில் இன்னும் கிரே ஸ்ட்ரீட்தான். அந்தக் காலத்தில் அவலான், ஷாஜகான், நாஸ், ராஜ் என்று சுற்றிலும் தியேட்டர்கள். வேலை முடிந்தால் படம், படம் முடிந்தால் ரொட்டியைக் குடைந்து குழம்பு ஊற்றிய பன்னி சௌ. கொள்ளைப் படங்கள் நிறையப் பார்த்திருக்கிறேன். நகைக்கடைக் கொள்ளை என்றால் சும்மா உட்கார்ந்து பார்க்க என்னால் முடியாது. எங்கே உளியை வைக்கிறான், எந்த நகையை முதலில் எடுக்கிறான் என்று கண் தானாகப் போகும்.

படம் தெரியாதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1955-இல் வந்த கறுப்பு வெள்ளைப் படம், இடம் பாரிஸ். டோனி என்பவன் ஐந்து வருஷச் சிறைக்குப் பிறகு வெளியே வந்திருக்கிறான். வயதாகிவிட்டது, இருமல் விடுவதில்லை. சிநேகிதன் ஜோவைக் காட்டிக்கொடுக்காமல் தானே சிறைக்குப் போனவன். ஜோவும் மாரியோவும் ஒரு யோசனையோடு வருகிறார்கள்: ரூ த லா பே தெருவில் இருக்கும் மாப்பின் அண்ட் வெப் நகைக்கடையின் ஜன்னல் கண்ணாடியை அறுத்து, காட்சிக்கு வைத்திருப்பதை வாரிக்கொண்டு ஓடிவிடலாம். டோனி முதலில் மாட்டேன் என்கிறான். அப்புறம் சரி என்கிறான், ஆனால் ஜன்னலுக்கு இல்லை, உள்ளே இருக்கும் இரும்புப் பெட்டிக்கு. பெட்டி திறக்க மிலானிலிருந்து செஸார் என்ற கைதேர்ந்த ஆள் வருகிறான். நான்கு பேரும் அந்த அலாரத்தைப் போலவே ஒன்றை வாங்கி வைத்து, எதற்குக் கத்துகிறது, எதற்குக் கத்தவில்லை என்று பரிசோதிக்கிறார்கள். பிறகு அந்த இரவு.

அந்த இரவைப் பற்றி நான் பேசாமல் இருக்க முடியாது. கடைக்கு மேல் மாடி வீட்டில் நுழைந்து அங்கிருக்கும் தம்பதியைக் கட்டிப்போடுகிறார்கள். சுத்தியலுக்குத் துணி சுற்றி, உளியால் தரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடைகிறார்கள். அதிர்ச்சி பட்டால் கீழே அலாரம் அடித்துவிடும். கை நுழையும் அளவு ஓட்டை விழுந்ததும் ஒரு குடையை மூடியபடியே அதற்குள் விட்டு, கீழே போனதும் விரிக்கிறார்கள். அதற்குப் பிறகு உடைகிற காரையெல்லாம் குடைக்குள் விழுகிறது, கடைத் தரையில் ஒரு துண்டு விழவில்லை. ஓட்டையைப் பெரிதாக்கிக் கயிற்றில் இறங்கி, தீயணைப்பு சிலிண்டரின் நுரையை அலாரத்துக்குள் அடித்து அதன் வாயை அடைக்கிறார்கள். பெட்டியைச் சாய்த்து, முதுகுப் பக்கத்தை வட்டமாக அறுக்கிறார்கள். கேட்பதெல்லாம் மூச்சு, அடக்கிய இருமல், தட்டும் சத்தம், கடைசியில் இரும்பு அறுபடும் கிறீச்சல்.

பட்டறையில் நாங்கள் மடியில் தோலை விரித்து அரத்தூளைப் பிடிப்போம். ஒரு பொட்டுத் தங்கம் தரையில் போகக் கூடாது. அந்தக் குடையைப் பார்த்ததும் எனக்கு அந்தத் தோல்தான் தெரிந்தது. இந்த மனுஷனுக்கு வேலை தெரியும் என்று வாய்விட்டுச் சொன்னேன். திருடனைப் பற்றிச் சொல்கிறேனா, இயக்குநரைப் பற்றியா என்று என் மனைவி கேட்டாள். இரண்டு பேரும்தான்.

இசையைப் பற்றியும் சொல்ல வேண்டும். படத்துக்கு இசை ஜார்ஜ் ஓரிக், பிரான்சில் பெரிய பேர் வாங்கியவர். அந்தக் காட்சிக்கும் இசை எழுதினார். இயக்குநர் ஜூல்ஸ் டாசின் இசையோடும் இசை இல்லாமலும் அவருக்குப் போட்டுக் காட்டினார். பார்த்துவிட்டு ஓரிக்கே இசை வேண்டாம் என்று ஒப்புக்கொண்டார். நம் ஆட்கள் எடுத்திருந்தால் உளி பட்டதுமே தவில் அடித்திருப்பார்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள், அந்தத் தவிலுக்கு விசில் அடிப்பவர்களில் நானும் ஒருவன். 2011-இல் 'மங்காத்தா' வந்தபோது சன்கோஸ்ட் தியேட்டரில் என் பக்கத்து இருக்கைக்காரர்கள் என் சத்தத்தைப் பொறுத்துக்கொண்டார்கள்.

எழுபது வருஷத்துக்குப் பிறகும் இந்தக் காட்சி ஏன் இழுக்கிறது? சாமர்த்தியம், பதற்றம் என்று சொல்வார்கள். என் கணிப்பு வேறு. நான்கு ஆட்கள் ஒரு வேலையை ஒழுங்காகச் செய்வதை நாம் முழுசாகப் பார்க்கிறோம். அவ்வளவுதான். சினிமாவில் யாராவது வேலை செய்வதைப் பார்த்திருக்கிறோமா? தச்சர் ஒரு ஆணி அடிப்பார், அடுத்த காட்சியில் வீடு நிற்கும். இங்கே களைப்பு வருகிறது, வியர்வை வருகிறது, ஒருவர் நிறுத்தினால் அடுத்தவர் தொடர்கிறார், யாரும் யாரையும் அதட்டுவதில்லை. மனுஷன் கை வேலைக்கு இவ்வளவு மரியாதை கொடுத்த படம் அபூர்வம். அந்த மரியாதை கொள்ளைக்குப் போய்ச் சேர்ந்ததுதான் இதன் கவர்ச்சி, இதன் கோளாறும் அதுதான்.

கோளாறு என்று நான் சொல்வதை நகைக்கடைக்காரனின் கண்ணால் பாருங்கள். நாலு திருடர்களின் உழைப்பை நுணுக்கமாகக் காட்டும் படத்தில், அந்த நகைகளைச் செய்தவன் உழைப்பு எங்கேயும் இல்லை. கல் பதித்தவன் இல்லை, மெருகு போட்டவன் இல்லை. காலையில் கடையைத் திறந்து ஓட்டையைப் பார்க்கப் போகிறவர்கள் பெயரில்லாத ஆட்கள். கடை உடைந்தால் போலீஸ் முதலில் கேட்பது வேலைக்காரனைத்தான்: சாவி யாரிடம் இருந்தது, அலாரம் எங்கே இருக்கிறது என்று யாருக்குத் தெரியும், உன் சம்பளம் எவ்வளவு, போன மாதம் கடன் கேட்டாயா? நான் இருந்த ஒரு கடையில் திருட்டுப் போனபோது உள்ளே இருந்த அத்தனை பேரையும் உட்காரவைத்துக் கேட்டார்கள். திருடியவன் வெளியாள். ஆனால் கடைசிவரை முதலாளி எங்களைப் பார்த்த பார்வை மாறவில்லை. 'ரிஃபிஃபி'யில் அந்தக் காலை நேரம் கிடையாது. மேல்மாடித் தம்பதியைக் கட்டிப்போட்டதோடு படம் அவர்களை மறந்துவிடுகிறது.

நகைகளையும் படம் சரியாகப் பார்ப்பதில்லை. பெட்டியிலிருந்து வந்ததன் மதிப்பு 24 கோடி பிராங்க் என்கிறார்கள், லண்டனில் இருக்கும் ஒருவனுக்கு விற்கிறார்கள், பணம் வருகிறது. திருட்டு நகைக்கு என்ன கதி என்று எங்களுக்குத் தெரியும். கல்லைப் பிடுங்குவார்கள், பொன்னை உருக்குவார்கள். ஒரு மாதம் குனிந்து செய்த வேலை ஐந்து நிமிஷத்தில் கட்டியாகிவிடும். அந்த மூட்டையில் நகையாகவே தப்பிப் போவது ஒரே ஒரு மோதிரம். செஸார் அதைத் தனக்கென்று ஒதுக்கி, இரவு விடுதியில் பாடும் பெண்ணுக்குக் கொடுத்துவிடுகிறான். விடுதிக்காரன் க்ரூட்டர் அந்த மோதிரத்தைப் பார்த்துக் கணக்குப் போட்டுவிடுகிறான். மற்றதெல்லாம் வெறும் பணமாகப் போய்விட, ஒருத்தி விரலில் நகையாக ஏறிய ஒன்றுதான் நாலு பேரையும் அழிக்கிறது. இதை டாசின் எண்ணி வைத்தாரா என்று நான் கேட்கப் போவதில்லை. பட்டறைக்காரன் மனசுக்கு அது சரியாகப் பட்டது.

இனி நீங்கள் வெட்டப் பார்க்கும் பகுதிக்கு வருகிறேன். கொள்ளை முடிந்த பிறகு படத்தில் இன்னும் நிறைய இருக்கிறது. க்ரூட்டரின் ஆட்கள் மாரியோவையும் அவன் மனைவி ஈடாவையும் கொல்கிறார்கள். ஜோவின் சின்னப் பையனைக் கடத்துகிறார்கள். டோனி பையனை மீட்டுவிடுகிறான். அது தெரியாமல் ஜோ பணப்பெட்டியோடு க்ரூட்டரிடம் போய்ச் சாகிறான். குண்டு பட்ட டோனி, கௌபாய் வேஷத்தில் இருக்கும் பையனைக் காரில் ஏற்றிக்கொண்டு பாரிஸ் தெருக்களில் ஓட்டி வந்து வீட்டு வாசலில் சாகிறான். ஜோவின் மனைவி லூயீஸ் பையனை மட்டும் தூக்கிக்கொண்டு போகிறாள். பணப்பெட்டி அங்கேயே கிடக்கிறது. இதை விட்டுவிட்டு அந்த அரை மணி நேரத்தை மட்டும் பார்க்கும் பதினைந்து வயதுப் பையன் மனசில் என்ன நிற்கும்? பெட்டி திறந்தது, கல் மின்னியது, யாரும் பிடிபடவில்லை. அந்த மூத்த உறுப்பினர் பயந்தது இதற்குத்தானே.

லூயீஸ் ஓர் இடத்தில் கணவனிடம் கேட்கிறாள். உன்னைப் போல வறுமையில் வளர்ந்தவர்கள் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள், அவர்களெல்லாம் ரவுடி ஆகவில்லையே, நிஜமான பலசாலிகள் அவர்கள்தான், நீ இல்லை என்கிற மாதிரி. கொள்ளைப் படத்துக்குள்ளேயே உட்கார்ந்து கொள்ளைக்காரன் முகத்துக்கு நேராக இதைச் சொல்லும் பெண்பிள்ளை. சாட்ஸ்வர்த்தில் பிள்ளை வளர்த்த எந்தத் தாயும் சொல்லக்கூடிய பேச்சு இது. உங்கள் கத்தரிக்கோல் இவளையும் வெட்டிவிடுகிறது.

அதே கத்தரிக்கோல் பெல்ட் காட்சியையும் வெட்டுகிறது என்பீர்கள். சரி, அதைப் பேசுவோம். சிறையிலிருந்து வந்த டோனி, தன்னோடு முன்பு இருந்த மாடோ இப்போது க்ரூட்டரோடு இருக்கிறாள் என்று தெரிந்து, அவளைக் கூட்டிவந்து, நகைகளையும் ரோமக் கோட்டையும் கழற்றச் சொல்லி, முதுகில் பெல்ட்டால் அடிக்கிறான். கேமரா நகர்ந்து சுவரில் இருக்கும் ஒரு போட்டோவுக்குப் போய்விடுகிறது, அடி விழும் சத்தம் மட்டும் கேட்கிறது. இது அசிங்கமான காட்சி. இதைவிட எனக்குக் கோபம் வருவது அடுத்து நடப்பதில். படம் இதற்காக டோனியை எங்கேயும் கணக்குக் கேட்பதில்லை. பிற்பாடு அடிபட்ட மாடோவே பையனைத் தேட டோனிக்கு உதவுகிறாள். அடித்தவனுக்கு மன்னிப்பு, மன்னித்தவளுக்கு ஒன்றுமில்லை. படத்தில் இருக்கும் பெண்களெல்லாம் ஒன்று மனைவி, ஒன்று பாட்டுக்காரி, ஒன்று அடி வாங்குபவள். நாலு ஆண்களின் நட்பை நெஞ்சு உருகக் காட்டத் தெரிந்தவருக்கு இது தெரியவில்லை. டோனியின் நட்பும் விசுவாசமும் ரொம்ப உயர்வு என்று பேசும் ரசிகர்கள் இந்த இடத்தில் தொண்டையைக் கனைத்துக்கொண்டு நகர்ந்துவிடுகிறார்கள்.

ஆனால் காட்சியை மறைத்தால் டோனி நல்லவனாகத்தான் தெரிவான்! வேலை தெரிந்த, சொன்ன சொல் தவறாத பெரியவராகத்தான் அந்த அரை மணி நேரத்தில் இருக்கிறான். அந்தப் பெல்ட்டைப் பார்த்த பிறகு கொள்ளையைப் பார்ப்பது வேறு. அதே கைதான் சுத்தியலுக்கு அவ்வளவு பதமாகத் துணி சுற்றுகிறது. நம் வீடுகளிலும் தெருக்களிலும் ஊருக்கு நல்ல மனுஷனாகவும் வீட்டுக்குள் வேறாகவும் இருக்கும் ஆண்களை நம் பெண்களுக்குத் தெரியாதா? சிறுவர்களுக்கு வேண்டாம், ஒத்துக்கொள்கிறேன். 16 வயதுக்கு மேல் என்று வாசலில் எழுதிப் போடுங்கள். பெரியவர்களிடமிருந்தும் சேர்த்து மறைக்காதீர்கள்.

டாசினைப் பற்றி இந்த ஊர்க்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று உண்டு. அவர் பிரெஞ்சுக்காரர் இல்லை. 1911-இல் அமெரிக்காவில் பிறந்தவர், ரஷ்யாவிலிருந்து வந்த யூதக் குடியேறிகளின் மகன். ஹாலிவுட்டில் நல்ல படங்கள் எடுத்துக்கொண்டிருந்தார். கம்யூனிஸ்ட் வேட்டை நடந்த காலத்தில், 1951-இல், சக இயக்குநர்கள் விசாரணைக் குழு முன்னால் அவர் பெயரைச் சொல்லிவிட்டார்கள். வேலை போயிற்று. ஐரோப்பாவுக்குப் போனார். அங்கேயும் ஒரு பிரெஞ்சுப் படம் தொடங்கும் நேரத்தில் அமெரிக்காவிலிருந்து வந்த நெருக்குதலால் கை நழுவியது. பணத்துக்காகத்தான் ஒகுஸ்த் லெ பிரெத்தோன் எழுதிய குற்ற நாவலைப் படமாக்க ஒப்புக்கொண்டார். சுமார் 2 லட்சம் டாலர் பட்ஜெட்டில் பெரிய நட்சத்திரங்களுக்கு வழியில்லை. பாரிஸ் குளிர்காலத்தில், வெயில் அடிக்கும் நாளில் எடுக்க மாட்டேன் என்று பிடிவாதம் பிடித்து, மப்பும் மந்தாரமுமான நாட்களில் எடுத்தார். படம் வந்த வருஷமே கான் திரைப்பட விழாவில் சிறந்த இயக்குநர் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

செஸாராக நடித்தது அவரேதான், வேறு பெயரில். மோதிரம் கொடுத்து மாட்டிக்கொண்ட செஸார், அடித்து மிரட்டியதும் மாரியோவின் பெயரைச் சொல்லிவிடுகிறான். டோனி வந்து கேட்கும்போது மறைக்கவில்லை. விதி என்ன என்று இருவருக்கும் தெரியும். டோனி சுடுகிறான். பெயர் சொன்ன சிநேகிதர்களால் வாழ்க்கையை இழந்த ஒருவர், பெயர் சொன்னவன் வேஷத்தைத் தானே போட்டுக்கொண்டு நிற்கிறார். நிறவெறி ஆட்சியின் பாதுகாப்புப் போலீஸ் கதவைத் தட்டிய காலத்தில் யார் யார் பெயரைச் சொன்னார்கள் என்ற பேச்சு இன்னும் சில வீடுகளில் வாய்விட்டுப் பேசப்படாமல் இருக்கும் நாடு இது. செஸாரின் சாவை நம் ஆட்கள் பார்த்தால் பாரிசில் பார்ப்பவனைவிட அதிகமாகவே புரியும். அது அந்த அரை மணி நேரத்துக்குள் இல்லை.

நாவலில் எதிரிக் கும்பல் வட ஆப்பிரிக்க அரபுகள். டாசின் அதை மாற்றிவிட்டார், படத்தில் க்ரூட்டர் ஆட்கள் ஐரோப்பியர்கள்தான். பிரான்ஸ் அப்போது வட ஆப்பிரிக்காவில் என்ன செய்துகொண்டிருந்தது என்று தெரிந்தவர்களுக்கு இது சின்ன விஷயமாகத் தோன்றாது. ஆனால் மாற்றியதில் வேறொரு பலவீனம் வந்துவிட்டது. க்ரூட்டர் கும்பல் போதைப்பொருள், கடத்தல், கொலை என்று எல்லாக் கெட்டதையும் சுமக்க, நம் நாலு பேரும் கௌரவமான திருடர்கள் ஆகிவிடுகிறார்கள். பக்கத்தில் இன்னும் மோசமான ஒருவனை நிறுத்தினால் யாரும் நல்லவனாகிவிடலாம். கொள்ளைப் படங்கள் எல்லாமே செய்யும் பழைய தந்திரம் இது. இவ்வளவு நல்ல படமும் அதில் விழுந்துவிட்டது.

நம் நாட்டுக் கொள்ளையைக் காட்டி எதிர்க்கும் உறுப்பினருக்கு நேராக ஒன்று சொல்கிறேன், ஐயா கோபித்துக்கொள்ள வேண்டாம். இங்கே பண வண்டியைத் தாக்குபவன் குடை விரிப்பதில்லை. வேகமான காரைக் கொண்டுவந்து இடிக்கிறான், துப்பாக்கிகளோடு இறங்குகிறான், வெடிவைத்துப் பிளக்கிறான். உள்ளே இருக்கும் காவலாளி யாருடைய அப்பா என்று அவனுக்குத் தெரியாது. நம் பிள்ளைகளிலும் அந்தச் சீருடையில் வேலைக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். 1955 பாரிஸைப் பார்த்து இதைக் கற்றுக்கொண்டார்கள் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் கொள்ளைக்காரனைக் கதாநாயகனாக்கும் பழக்கம் நம்மிடம் எப்போதும் உண்டு. ஆண்ட்ரே ஸ்டாண்டரை நினைத்துப் பாருங்கள். போலீஸ் கேப்டனாகச் சம்பளம் வாங்கிக்கொண்டே, 1970-களின் கடைசியில் விமானத்தில் டர்பனுக்கு வந்து வங்கியில் கொள்ளையடித்துவிட்டுத் திரும்பிப் போனவர். பிடிபட்டு, 1983-இல் தப்பி, 1984-இல் அமெரிக்காவில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2003-இல் படமே எடுத்தார்கள். அவருடைய துணிச்சலைச் சிரித்துச் சிரித்துப் பேசியவர்கள், துப்பாக்கி முனையில் பணத்தை எடுத்துக் கொடுத்த வங்கிப் பெண்களைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

இந்த நாட்டின் பெரிய கொள்ளைகளில் ஒன்றுக்கு உளி, சுத்தியல் எதுவும் தேவைப்படவில்லை. வி.பி.எஸ். வங்கி விழுந்ததைப் பற்றி 2018-இல் வழக்கறிஞர் டெரி மொட்டாவ் ரிசர்வ் வங்கிக்குக் கொடுத்த அறிக்கையின் தலைப்பே 'மாபெரும் வங்கிக் கொள்ளை' என்பதுதான். ஏறத்தாழ 190 கோடி ராண்ட். ஏழைகள் சாவுச் செலவுக்கென்று சேர்த்த சங்கப் பணமும் நகராட்சிப் பணமும் அதில் இருந்தது. எல்லாம் பேனாவால் நடந்தது. அதைப் படமாக எடுத்தால் யாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்க மாட்டார்கள், பார்ப்பதற்கு அங்கே எந்தக் கையும் வேலை செய்யவில்லை. படம் போட்டபின் பேச விஷயம் வேண்டும் என்றீர்களே, இதைப் பேசுங்கள்.

யார் எதைப் பார்க்கலாம் என்பதைப் பற்றி இன்னும் ஒன்றே ஒன்று. ஒரே படத்தை வெள்ளையர் பார்க்கலாம், ஆப்பிரிக்கர் பார்க்கக் கூடாது என்று தணிக்கைக் குழு தீர்ப்பு எழுதிய நாடு இது. எந்த இனத்துக்கு எதைக் காட்டினால் தலைக்கேறும் என்று மேலே உட்கார்ந்தவர்கள் முடிவு செய்தார்கள். நீங்கள் அவர்கள் இல்லை, அப்படிச் சொன்னால் அநியாயம். ஆனாலும் வெட்டும்போது கொஞ்சம் கை நடுங்கட்டும்.

இனி நடைமுறைக்கு வருகிறேன். முழுப் படமும் ஏறக்குறைய இரண்டு மணி நேரம்தான், தமிழ்ப் படம் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு அது ஒரு பொருட்டா? கொள்ளை முடிந்ததும் இடைவேளை விடுங்கள், தேநீரும் வடையும் அங்கே வரட்டும். அந்த இடைவேளையில் பேசுகிறவர்கள் எல்லாரும் திருடர்கள் பக்கம்தான் இருப்பார்கள். அப்புறம் விளக்கை அணையுங்கள். மொழிக்கு வழி இருக்கிறது. பேசாப் படக் காலத்தில் தமிழ்நாட்டுக் கொட்டகைகளில் திரைக்குப் பக்கத்தில் நின்று ஒருவர் கதை சொல்வார். அது மாதிரி யாராவது மைக்கில் காட்சிக்குக் காட்சி இரண்டு வரி தமிழில் சொல்லட்டும், ஆங்கில எழுத்தும் கீழே ஓடட்டும். ஆள் கிடைக்கவில்லை என்றால் நான் வருகிறேன். கொள்ளை நடக்கும் நேரத்தில் வாயைத் திறக்க மாட்டேன் என்று எழுதிக் கொடுக்கவும் தயார்.

படம் முடிந்து நடக்கும் பேச்சைப் பெண்கள் நடத்தட்டும். வழக்கம்போல மேடையில் நாலு ஆண்கள் உட்கார்ந்து கேமரா, ஒளி என்று பேசி முடித்துவிட்டால் மாடோவைப் பற்றி யாரும் கேட்க மாட்டார்கள். காவல் வேலை பார்க்கும் நம் பகுதிப் பிள்ளைகள் இரண்டு மூன்று பேரையாவது கூப்பிடுங்கள். அவர்கள் மேடையேறிப் பேச வேண்டாம், வந்து பார்க்கட்டும், தோன்றினால் பேசட்டும். பெல்ட் காட்சி வரும் என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். வேண்டாம் என்பவர்கள் அந்த நேரம் வெளியே போய் வரலாம், யாரும் தவறாக நினைக்கப் போவதில்லை.

தேதி விஷயம் ஒன்று பாக்கி. அறிவிப்பில் இருப்பது சனிக்கிழமை. அது புரட்டாசியில் விழுகிறது, விரதம் இருக்கும் வீடுகளிலிருந்து யாரும் வர மாட்டார்கள், பாதி நாற்காலி காலியாகத்தான் இருக்கும். ஞாயிறு மத்தியானத்துக்கு மாற்றினால் மண்டபம் கிடைக்குமா என்று காவலாளி அண்ணனிடம் நானே கேட்டு வைத்திருக்கிறேன், இரண்டு மணியிலிருந்து கிடைக்கும் என்கிறார். குழு கூடிப் பேசிவிட்டுச் சொல்லுங்கள்.

அன்புடன்,
சங்கத்தின் பழைய உறுப்பினன், பட்டறைக்காரன்
சாட்ஸ்வர்த், டர்பன்